கடல் கடந்து போகும் பரிசு: தபாலா, கூரியரா, அங்கேயே வாங்குவதா?

வெளிநாட்டில் குடியேறிய முதல் ஆண்டு, என் பிறந்தநாளுக்கு அத்தை ஒரு பார்சல் அனுப்பியிருந்தார். அது வரவில்லை, கதவிடுக்கில் ஒரு சீட்டுதான் வந்தது. நாங்கள் வந்தபோது நீங்கள் வீட்டில் இல்லை, இந்தக் கிடங்கில் வந்து பெற்றுக்கொள்ளவும் என்று எழுதியிருந்தது. அரைநாள் விடுப்பு எடுத்து, இரண்டு பஸ் மாறிப் போனேன். கவுண்ட்டருக்குப் பின்னால் இருந்த அலமாரியில் என் பார்சல் கண்ணுக்குத் தெரிந்தது. அத்தையின் சாய்ந்த கையெழுத்தை எங்கிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். பிரச்சினையும் அந்தக் கையெழுத்தில்தான் இருந்தது. முகவரியில் என்னை வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரை எழுதியிருந்தார். பாஸ்போர்ட்டில் இருந்ததோ வேறு பெயர். ஊழியர் மிகவும் பணிவாகத் தலையை ஆட்டி, முடியாது என்றார்.

அத்தையிடமிருந்து ரசீதின் படத்தையும் ஒரு கடிதத்தையும் வரவழைத்துக் காட்டி, மூன்றாவது நடையில், சுங்க வரியையும் கட்டிய பிறகு பார்சல் கைக்கு வந்தது. உள்ளே ஒரு கம்பளிச் சட்டை, ஒரு போர்வை, நான்கு பக்கக் கடிதம். சட்டையும் போர்வையும் நான் குடியிருந்த தெருவிலேயே கிடைக்கும். கடிதம் கிடைக்காது.

அதற்குப் பிறகு பல ஆண்டுகளாக அனுப்பியும் பெற்றும் பழகிவிட்டேன். பரிசு அனுப்பும் வழிகளை ஒப்பிடும்போது எல்லோரும் கட்டணத்தையும் நாட்களையும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறொன்று: பரிசைப் பெறுபவருக்கு இதனால் எவ்வளவு வேலை வைக்கிறோம்? அந்தக் கணக்கில் பார்த்தால் வரிசையே மாறிவிடுகிறது.

தபால்

1874இல் பெர்னில் கையெழுத்தான உடன்படிக்கையிலிருந்து பிறந்தது உலகத் தபால் ஒன்றியம். ஒரு நாட்டின் தபால் நிலையத்தில் கொடுத்த பொருளை இன்னொரு நாட்டின் தபால்காரர் வீட்டு வாசலில் கொண்டுவந்து தருவது அந்த ஏற்பாட்டினால்தான். 2 கிலோவுக்கு உட்பட்ட சிறு பாக்கெட்டுக்குப் பெரும்பாலும் இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை. கூரியர் நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத சிற்றூருக்கும் தபால் போகும்.

ஆனால் பொருள் எல்லை தாண்டும்போது கை மாறுகிறது. உங்கள் நாட்டுத் தபால் துறை ஒப்படைக்கிறது. அந்த நாட்டுச் சுங்கம் பார்க்கிறது. பிறகு அங்குள்ள தபால் துறை எடுத்துக்கொள்கிறது. நடுவில் ஒரு வாரம் எந்த அசைவும் தெரியாவிட்டால் பதற வேண்டியதில்லை. கண்காணிப்பு எண்ணையே கொஞ்சம் படித்துப் பார்க்கலாம். இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பும் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து என்று மொத்தம் பதின்மூன்று இருக்கும். முதல் எழுத்து ‘ஈ’ என்றால் விரைவுத் தபால், ‘சி’ என்றால் பார்சல், ‘ஆர்’ என்றால் பதிவுத் தபால். ‘யு’ என்று தொடங்கினால், எண் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அது பெரும்பாலும் சுங்கத்துக்கான எண்தான், வழி நெடுகக் கண்காணிப்பு கிடைக்காது.

தபாலில் பாதிச் சிக்கல் பெட்டியின் மேல் ஒட்டும் சுங்கப் படிவத்தில் தொடங்குகிறது. சிறு பாக்கெட்டுக்கு சி.என். 22, பார்சலுக்கு சி.என். 23. இரண்டிலும் ‘பரிசு’ என்று குறியிட ஒரு கட்டம் உண்டு. அதில் குறியிட்டுவிட்டு, பொருள் விவரம் என்ற இடத்திலும் ‘பரிசு’ என்றே எழுதிவிடுகிறார்கள். சுங்க அதிகாரிக்கு அது எதையும் சொல்வதில்லை. ‘பெண்கள் பருத்திச் சட்டை, 2’ என்பதுபோல, பார்க்காமலே பொருள் கண்முன் வரும்படி, அந்த நாட்டவர் படிக்கக்கூடிய மொழியில் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இதில் மிகவும் கண்டிப்பு; மொட்டையான விவரத்தோடு வரும் பொருளைத் திருப்பி அனுப்பவே வழி செய்துவைத்திருக்கிறது.

மதிப்பு எழுதும் இடத்தில் கை நடுங்கத்தான் செய்கிறது. குறைத்து எழுதினால் வரி தப்புமே என்று தோன்றும். அது சட்டப்படி பொய் அறிக்கை என்பது ஒருபுறம். பார்சல் தொலைந்துபோனால் இழப்பீட்டுக்கு நீங்கள் எழுதிய தொகைதான் கணக்கு என்பது இன்னொரு புறம். உண்மையான மதிப்பை எழுதி, சலுகை வரம்புக்குள் இருக்கும்படி பொருளைத் தேர்வதே பிழைக்கும் வழி. தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் பரிசுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ, பிரிட்டனில் 39 பவுண்டு, கனடாவில் 60 கனடா டாலர் வரை வரிவிலக்கு உண்டு. மதுவுக்கும் புகையிலைக்கும் விதிகள் தனி. அமெரிக்காவில் சிறு பார்சல்களுக்கு 800 டாலர் மதிப்பு வரை இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. அப்போது பல நாட்டுத் தபால் துறைகள் அங்கே பார்சல் அனுப்புவதையே சில காலம் நிறுத்திவைத்தன. 100 டாலருக்கு உட்பட்ட உண்மையான பரிசுக்கு மட்டும் விலக்கு தொடர்ந்தது. இந்த எண்கள் கல்வெட்டு இல்லை. பார்சல் கட்டும் வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒரு குடும்பத்தில் நான்கு பேருக்கு ஒரே பெட்டியில் அனுப்பினால் ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றி, யாருக்கு என்று பெயர் எழுதி, படிவத்திலும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வரம்பு ஆளுக்கு ஒன்றாகக் கணக்காகும்.

கூரியர்

வேகம் வேண்டுமென்றால் கூரியர்தான், அதில் சந்தேகமில்லை. பொருள் கடைசிவரை ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது, சுங்க வேலையையும் அவர்களே பார்க்கிறார்கள். வாரக்கணக்கு நாட்கணக்காகச் சுருங்கிவிடும்.

கட்டணம் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் எதிர்பார்த்ததற்கும் மேலே போகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. கூரியர் நிறுவனம் தராசை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்க்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுப்பார்கள். வருவது கன எடை. அதுவும் உண்மை எடையும் எது அதிகமோ அதற்குத்தான் பணம். ஒரு முறை நண்பர் தன் தங்கை மகளுக்குப் பெரிய பஞ்சுக் கரடி அனுப்பப் போனார். கரடியின் எடை 2 கிலோ. பெட்டி 50, 40, 40. பெருக்கினால் 80,000, வகுத்தால் 16 கிலோ. கரடிக்குள் இருந்த காற்றுக்கு 14 கிலோ கட்டணம். நண்பர் கரடியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். (கரடி இன்னும் அவர் வீட்டு நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறது.)

கூரியரின் இன்னொரு முகம் பெறுபவரின் வாசலில் தெரியும். வரியை நிறுவனமே முன்கூட்டிக் கட்டிவிட்டு, அதோடு தன் சேவைக் கட்டணத்தையும் சேர்த்துப் பெறுபவரிடம் கேட்கும். சிறு பரிசுக்கு அந்தச் சேவைக் கட்டணமே வரியைத் தாண்டிவிடுவதுண்டு. போதாததற்கு, பல நாடுகளில் அனுப்பும் செலவையும் மதிப்போடு கூட்டித்தான் வரி போடுகிறார்கள். விலை உயர்ந்த கூரியரில் போனால் வரியும் உயரும். பிறந்தநாள் அன்று கதவைத் தட்டி ஒருவர் பில்லை நீட்டினால், அது என்ன பரிசு? அனுப்பும்போதே ‘வரியை நானே கட்டிவிடுகிறேன்’ என்ற ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் பெறுபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், ஆச்சரியம் கெட்டாலும் பரவாயில்லை.

ஆவணங்கள், விலை உயர்ந்த பொருள், குறிப்பிட்ட தேதிக்குள் சேர்ந்தே ஆக வேண்டியவை: இந்த மூன்றுக்கு நான் கூரியரைப் பயன்படுத்துகிறேன். மற்றதற்கு மனம் வருவதில்லை.

அங்கேயே வாங்கி அனுப்புவது

பெறுபவர் இருக்கும் நாட்டின் இணையக் கடையில் பணம் கட்டி, அவர் வீட்டுக்கே அனுப்பச் செய்வது. சுங்கம் இல்லை, படிவம் இல்லை, கன எடை இல்லை. அளவு சரியில்லை என்றால் அவரே மாற்றிக்கொள்வார். மின்சாதனம் என்றால் இந்த வழியைத் தவிர வேறொன்றை யோசிக்கவே கூடாது. சில நாடுகளில் 110, 120 வோல்ட். சில நாடுகளில் 220, 240. பிளக்கின் வடிவம் வேறு. இங்கே வாங்கியதற்கு அங்கே உத்தரவாதம் செல்லாமல் போகலாம்.

பேட்டரி உள்ள பொருளுக்கும் இதே பதில்தான். உதிரி லித்தியம் பேட்டரியும் பவர்பேங்கும் சர்வதேசத் தபாலில் போகாது. வாசனைத் திரவியம் எரியக்கூடிய பொருள் என்பதால் பெரும்பாலும் மறுப்பார்கள். இறைச்சி, பால் பொருட்கள், விதை, செடி என்றால் பல நாட்டு எல்லைகளில் குப்பைத்தொட்டிதான் கதி. இவற்றை அந்த நாட்டிலேயே வாங்கினால் ஒரு தொந்தரவும் இல்லை.

குறைகளும் உண்டு. வெளிநாட்டு அட்டையைச் சில கடைகள் ஏற்பதில்லை. அந்த நாட்டுக் கைப்பேசி எண்ணைக் கேட்பார்கள். பெறுபவரின் எண்ணைக் கொடுத்தால் பரிசு வருவதற்கு முன்பே குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்துவிடும். விலைச்சீட்டைச் சேர்த்து வைக்காதீர்கள் என்று குறியிட மறந்தால், பெட்டியைத் திறந்ததும் விலைதான் முதலில் கண்ணில் படும். யார் அனுப்பியது என்பதே தெரியாமல் போன கதையும் உண்டு. வாழ்த்துச் செய்தி எழுதும் கட்டத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. கடையின் முகவரி அந்த நாட்டில் இருந்தாலும் பொருள் வேறொரு நாட்டிலிருந்து புறப்படலாம். ‘எங்கிருந்து அனுப்பப்படுகிறது’ என்பதைப் பார்க்காமல் பணம் கட்டினால் சுங்கத்தின் வாசலுக்கே திரும்பி வருவீர்கள். அப்போது பரிசுச் சலுகையும் கிடைக்காது. வணிக நிறுவனம் அனுப்பும் பொருளுக்கு எவ்வளவு வண்ணக் காகிதம் சுற்றினாலும் சுங்கத்தின் கண்ணில் அது விற்பனைதான்.

பரிசு அட்டை, பணம்

பரிசு அட்டை எந்த நாட்டுக் கடைக்கு வாங்கப்பட்டதோ அந்த நாட்டில்தான் செல்லும். ஆப்பிள், அமேசான் அட்டைகளும் அப்படித்தான். உங்கள் நாட்டுத் தளத்தில் வாங்கி அனுப்பினால் அவர் கையில் இருப்பது வெறும் எண் வரிசை. பணமாக அனுப்பினால் ‘கட்டணம் இல்லை’ என்ற விளம்பரத்தைத் தாண்டி மாற்று விகிதத்தைப் பாருங்கள். லாபத்தை அங்கேதான் ஒளித்துவைக்கிறார்கள். இன்று இத்தனை அனுப்பினால் அவர் கையில் எத்தனை போய்ச் சேரும் என்ற ஒரே கேள்வியை இரண்டு மூன்று இடங்களில் கேட்டால் ஒப்பீடு முடிந்தது. கடித உறைக்குள் நோட்டை வைத்து அனுப்பாதீர்கள். சாதாரணத் தபாலில் அதற்கு அனுமதி இல்லை, தொலைந்தால் கேட்கவும் முடியாது.

போகிறவரிடம் கொடுத்தனுப்புவது

செலவே இல்லாத வழி என்று நினைக்கிறோம். செலவு இருக்கிறது, அதை அந்தப் பயணி கட்டுகிறார். விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பை ஒன்றுக்குப் பல விமானங்களில் 23 கிலோதான் வரம்பு. உங்கள் இரண்டு கிலோவுக்காக அவர் தன் செருப்பை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். பையை நீங்களே அடுக்கினீர்களா, யாராவது ஏதாவது கொடுத்தார்களா என்று விமான நிலையத்தில் கேட்பார்கள். மூடிய பொட்டலத்தைக் கொடுத்து அவரைப் பொய் சொல்லும் நிலைக்குத் தள்ளாதீர்கள். திறந்து காட்டி, அவர் கண் முன்னே மூடுங்கள். வண்ணக் காகிதம் வேண்டாம், பாதுகாப்புச் சோதனையில் கிழித்துவிடுவார்கள். நீங்களே பயணியாக இருந்தால், முன்பின் தெரியாதவர் தரும் பொட்டலத்தை, அவர் எவ்வளவு உருக்கமாகக் கேட்டாலும், வாங்காதீர்கள். அதில் இருப்பது எதுவானாலும் சட்டத்தின் முன் அது உங்களுடையது.

வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டு பரிசை எதிர்பார்ப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், வீட்டு எண், அஞ்சல் குறியீடு, உள்ளூர்க் கைப்பேசி எண் நான்கையும் ஒரு செய்தியாக எழுதி, எல்லா உறவினருக்கும் ஒரே முறையாக அனுப்பிவையுங்கள். வீடு மாறினால் மறுபடி அனுப்புங்கள். வேலை நேரத்தில் வீட்டில் யாரும் இல்லையென்றால், பார்சலை வாங்கிவைக்கச் சம்மதிக்கும் அலுவலகத்தின் முகவரியோ, அருகிலுள்ள பெறுமிடமோ மேல். கதவில் சீட்டு வந்தால் தள்ளிப்போடாதீர்கள். குறிப்பிட்ட நாட்களுக்குள் எடுக்காத பார்சல் வந்த வழியே திரும்பிவிடும்.

எனக்கும் அத்தைக்கும் இடையில் இப்போது ஓர் ஏற்பாடு அமைந்துவிட்டது. போர்வை, சட்டை, பாத்திரம் எதுவானாலும் நான் இருக்கும் ஊரின் கடையில் அவர் பணம் கட்டிவிடுகிறார். அடுத்த நாளே வந்துவிடுகிறது. கடிதம் மட்டும் தனியாகத் தபாலில் வருகிறது. வெறும் கடிதம் என்பதால் சுங்கப் படிவம் தேவையில்லை, யாரும் வீட்டில் இல்லாவிட்டாலும் தபால் பெட்டிக்குள் விழுந்து கிடக்கும். உறையின் மேல் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரைப் பெரிய எழுத்தில், கொஞ்சம் கோபத்தோடு எழுதுவதுபோல அழுத்தி எழுதுகிறார். செல்லப் பெயர் உறைக்குள் போய்விட்டது.