உபுண்டு அப்கிரேடு முடிந்தது என்று யாராவது சொன்னால், பணம் கொடுக்கும் முன் டேட்டாபேஸைத் திறந்து பாருங்கள்

உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) 18.04 சர்வரை 22.04-க்கு ஏற்றித் தருவதாக முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்ட ஒரு பராமரிப்பு நிறுவனம், எங்கள் பில்லிங் சர்வரைக் கெடுத்து ஒப்படைத்திருக்கிறது. லாகின் திரையில் 22.04 என்று வருவதைப் படம்பிடித்து அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்றார்கள். அந்த ஒரு வரியை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

18.04-லிருந்து நேராக 22.04-க்குத் தாவ முடியாது. முதலில் 20.04, அங்கே எல்லாவற்றையும் சோதித்த பிறகே அடுத்தது. அப்கிரேடு லாகைப் பார்த்தால், முதல் படி முடிந்த கையோடு இரண்டாவதை ஓட்டியிருக்கிறார்கள். நடுவில் எந்தச் சோதனையும் இல்லை.

சர்வரில் உள்ள போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ் மென்பொருள்) கிளஸ்டர்களை, அதாவது ஒவ்வொரு பதிப்பும் தனியாக வைத்திருக்கும் டேட்டாபேஸ் தொகுப்புகளைப் பட்டியலிடும் பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் என்ற கமாண்டைக் கொடுத்தால் குட்டு உடைந்துவிடும். 5432 போர்ட்டில் போஸ்ட்கிரெஸ் 10, 5433-ல் 12, 5434-ல் 14. பின்னிரண்டும் காலி. எங்கள் பில்லிங் மென்பொருள் இன்னும் 10-உடன்தான் பேசுகிறது. போஸ்ட்கிரெஸ் 10-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன.

அதைவிடப் பெரிய சேதம் இன்டெக்ஸில், அதாவது பதிவுகளை வேகமாகத் தேட டேட்டாபேஸ் வைத்திருக்கும் வரிசைப் பட்டியலில். 18.04-ல் இருப்பது ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நிரல் நூலகம்) 2.27, 20.04-ல் 2.31. இடையில் வந்த 2.28-ல் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி மாறிவிட்டது. 11, 1-1 இரண்டையும் அமெரிக்க ஆங்கில லொக்கேலில் (மொழி அமைப்பில்) சார்ட் செய்து பாருங்கள்: 18.04-ல் 11 முதலில் வரும், 20.04-ல் 1-1 முதலில் வரும். டிஸ்கில் கிடக்கும் இன்டெக்ஸோ பழைய வரிசையில் கட்டியது. புது விதிப்படி தேடப் போகும் போஸ்ட்கிரெஸ், இருக்கிற பதிவையே இல்லை என்று சொல்லிவிடும். எர்ரர் எதுவும் காட்டாது. நடுவில் கோடு போட்ட பில் எண்கள் தேடலில் அகப்படாமல் போனதும், இரட்டைப் பதிவைத் தடுக்கும் யூனிக் இன்டெக்ஸ் இருந்தும் ஒரே எண் இரண்டு முறை ஏறியதும் இதனால்தான். எண் வகை நெடுவரிசைகளுக்கும், 'சி' கொலேஷனில் (மொழி விதி இல்லாமல் பைட் மதிப்புப்படி வரிசைப்படுத்தும் முறையில்) உள்ளவற்றுக்கும் இந்தப் பாதிப்பு இல்லை.

கேட்டால், டேட்டாபேஸ் எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை என்கிறார்கள். ஆகவே வேலை உத்தரவிலேயே புதிய பதிப்புக்குக் கிளஸ்டர் மாற்றம், ரீஇன்டெக்ஸ் (இன்டெக்ஸைப் புதிதாகக் கட்டுதல்), வேறு மெஷினில் பேக்கப்பை ரீஸ்டோர் செய்து காட்டுதல் மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் மென்பொருளை நிறுத்திவிட்டு, டேட்டாபேஸின் முழு டம்ப் (ஏற்றுமதி நகல்) எடுத்து வேறு மெஷினில் வையுங்கள். இன்டெக்ஸ் வழியாகத் தேடும் முறைகளான இன்டெக்ஸ் ஸ்கேன், இன்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன், பிட்மேப் ஸ்கேன் மூன்றையும் உங்கள் டேட்டாபேஸ் செஷனில் அணைத்த பிறகே இரட்டைப் பதிவுகளைத் தேடுங்கள். இல்லாவிட்டால் கெட்ட இன்டெக்ஸே பதில் சொல்லும். இரட்டைப் பதிவுகளைச் சரிசெய்யாமல் ரீஇன்டெக்ஸ் போட்டால் யூனிக் இன்டெக்ஸில் நின்றுவிடும். பிறகு போஸ்ட்கிரெஸ் 14 கிளஸ்டர் காலிதான் என்று உறுதிசெய்து, அதை நீக்கிவிட்டு, 10-ல் உள்ள டேட்டாவை 14-க்கு மாற்றும் பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் கமாண்டை ஓட்டுங்கள். வழக்கமான டம்ப் முறையில் இன்டெக்ஸ்கள் புதிதாகக் கட்டப்படும். ஆனால் டேட்டா அளவுக்கு இன்னொரு மடங்கு டிஸ்க் இடம் வேண்டும். டம்ப் இல்லாமல் டேட்டா ஃபைல்களையே எடுத்துச் செல்லும் வேகமான முறையைத் தேர்ந்தெடுத்தால் கெட்ட இன்டெக்ஸ் அப்படியே கூட வரும், ரீஇன்டெக்ஸ் தனியாகச் செய்தாக வேண்டும். பழைய 10 கிளஸ்டர் நிறுத்தப்பட்டு வேறு போர்ட்டில் கிடக்கும். பில் கணக்குகளை ஒப்பிட்டு முடிக்கும்வரை அதை யாரையும் அழிக்க விடாதீர்கள்.