இனெசைட் என்ற பெயரில் சாயக்கல் விற்கிறார்கள், கவனம்

இனெசைட் என்று சொல்லி எனக்கு விற்கப்பட்டது சாயம் ஏற்றிய வேறொரு கல். இணையத்தில் கனிம மாதிரி விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். அதே விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

இனெசைட் லேசில் கிடைக்காத கனிமம். கால்சியமும் நீரும் சேர்ந்த மாங்கனீசு சிலிக்கேட். மாங்கனீசுப் படிவுகளின் வெடிப்புகளில் வெந்நீர்க் கரைசல் ஓடிய இடங்களில் வளர்வது. ஜெர்மனியின் டில்லன்பர்க் வட்டாரத்தில் கிடைத்ததை வைத்து 1887இல் முதலில் விவரித்தார்கள். இன்று பேர்போன மாதிரிகள் தென்னாப்பிரிக்காவின் வெசல்ஸ் சுரங்கத்திலிருந்தும் சீனாவின் ஹூபெய் மாகாணத்திலிருந்தும் வந்தவை. எனக்கு வந்த பெட்டிக்குள் இருந்த சீட்டில் வெசல்ஸ் என்றுதான் அச்சடித்திருந்தது.

கையில் எடுத்ததுமே சந்தேகம் வந்தது. வெசல்ஸ் இருப்பது கலஹாரி மாங்கனீசுப் படுகையில். அங்கே தாய்ப்பாறை (கனிமம் ஒட்டி வளர்ந்த பாறை) கறுத்த, கனத்த மாங்கனீசுத் தாது. இதுவோ சாம்பல் நிறம், கனமும் இல்லை, அடிப்பக்கம் முழுக்க வாயுக் குமிழி விட்டுப்போன பொத்தல்கள். எரிமலைக் குழம்பு உறைந்த பாறையில்தான் அப்படி இருக்கும். இளஞ்சிவப்பு ஊசிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நுனிகள் வெளுத்திருந்தன. நிறமெல்லாம் அடியிலும் கீறல்களிலும் தேங்கி நின்றது.

விற்றவரிடம் கேட்டேன். "இனெசைட் வெளிச்சத்தில் நிறம் மாறும், அது இயல்பு" என்று பதில் வந்தது. என்னைக் கொதிக்கவைத்தது இந்தப் பதில்தான். ஏனென்றால் சொன்னது உண்மை! இனெசைட் வெளிச்சம் பட்டுக் கிடந்தால் மங்கும், பழுப்பேறும். விஷயம் தெரிந்தவர், தெரிந்ததையே மறைப்பாக்குகிறார். ஆனால் அந்த மாற்றம் கனிமத்துக்குள்ளேயே நடப்பது. பஞ்சில் ஒட்டிக்கொண்டு வராது. அசிட்டோன் நனைத்த பஞ்சால் பின்பக்கம் ஓர் ஓரத்தைத் துடைத்தேன். பஞ்சு ரோஸ் நிறமானது.

கடினத்தன்மையை வைத்து முடிவு கட்ட வேண்டாம். கீறலைத் தாங்கும் திறனைக் காட்டும் மோஸ் அளவுகோலில் (1 முதல் 10 வரை) இனெசைட் 6ஐ ஒட்டி இருக்கும். ஸ்கோலசைட் போன்ற வெள்ளை ஊசிக் கனிமங்கள் 5, 5.5 வரை வரும். மெல்லிய ஊசியில் இந்த வித்தியாசம் பிடிபடாது, கீறினால் உடைவதுதான் மிச்சம். ஒப்படர்த்திதான், அதாவது நீரைப் போல் எத்தனை மடங்கு அடர்த்தி என்பதுதான், கைகொடுக்கும். இனெசைட்டுக்கு அது 3க்குச் சற்று மேல், ஸ்கோலசைட்டுக்கு ஏறக்குறைய 2.3. பெட்டிக்குள் உதிர்ந்து கிடந்த ஊசிக் கொத்தை நுண் தராசில் காற்றிலும் நீரிலும் எடை போட்டேன். காற்றில் உள்ள எடையை, நீரில் குறைந்த எடையால் வகுக்க வேண்டும். ஊசிகளுக்கிடையே காற்றுக்குமிழி சிக்கினால் கணக்கு கீழே இறங்கிவிடும் என்பதால் ஊறவைத்து, தூரிகையால் குமிழிகளைத் தட்டிவிட்டுத்தான் போட்டேன். 2.3க்குப் பக்கத்தில் நின்றது. ஸ்கோலசைட் என்றே நினைக்கிறேன். இனெசைட் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பஞ்சின் படத்தையும் எடைக் கணக்கையும் அனுப்பிப் பணத்தைக் கேட்டேன். "இயற்கைக் கல்லுக்குத் திருப்பித் தருவதில்லை" என்று ஒரே வரி. அதன்பின் பதிலே இல்லை.

இதேபோல் வாங்க நினைப்பவர்கள் தாய்ப்பாறையின் அடிப்பக்கப் படத்தைக் கேளுங்கள். எனக்குக் காட்டிய படங்கள் எல்லாமே மேலிருந்து எடுத்தவை. ஏற்கெனவே வாங்கியிருந்தால் பெட்டியில் உதிர்ந்த துணுக்குகளைக் கொட்டிவிடாதீர்கள். பாறையோடு சேர்த்து எடை போட்டால் கணக்கு சரியாக வராது, அந்தத் துணுக்குதான் வேண்டும்.