மீட்டரில் பூச்சியம், மணலில் மண்ணிறம்

புதுக்குடியிருப்பில் உப்புத்தண்ணீர் மீன்தொட்டி தொடங்கியிருக்கும் கூட்டாளி ஒருவன், மணல் முழுக்க மண்ணிறத் தூள் படிந்த படத்தை அனுப்பி, "மச்சான், நீ பாவிக்கிற ஆர்.ஓ. ஃபில்டரை வாங்கட்டா?" என்று கேட்டான். மெம்பிரேன் என்ற நுண்சவ்வு வழியே தண்ணீரை அழுத்தி வடிப்பதுதான் ஆர்.ஓ.; அதையும் தாண்டி வருவதை டி.ஐ. ரெசின் என்ற சிறு மணிகள் பிடிக்கும். கிளிநொச்சிக் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் அதை நெடுநாளாக ஓட்டுகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் படத்தில் இருப்பது என்ன? விரல் பட்டதும் தூசியாய்க் கலைந்தால் டயட்டம் என்ற நுண்பாசி. சளிபோல் நூல்நூலாய்த் தொங்கி, நடுவில் குமிழி நின்றால் டைனோ (டைனோஃபிளஜலேட்டு) என்ற நுண்ணுயிர். சிவப்புத் தோலாய் உரிந்து வந்தால் சயனோ என்ற பாக்டீரியா. பின்னைய இரண்டையும் ஃபில்டர் மட்டும் தீர்க்காது. புதுத் தொட்டியில் பெரும்பாலும் டயட்டம்தான். அதன் ஓடு சிலிக்காவால் ஆனது. எங்கள் வெயிலில் தொட்டித் தண்ணீர் நாளும் ஆவியாகும். கிணற்று நீரால் நிரப்பினால், அதோடு வரும் சிலிக்கேட் (கரைந்த சிலிக்கா) ஆவியாகாமல் உள்ளேயே தங்கிவிடும்.

மெம்பிரேனைக் குறை சொல்ல மாட்டேன். கேத்திலில் வெள்ளையாய்ப் படிகிற தண்ணீரை அருமையாய் வடித்துத் தருகிறது. மேல்தாங்கி அழுத்தம் போதாது, பூஸ்டர் பம்ப் கட்டாயம். கழிவுத் தண்ணீர் வாழைக்கு.

எரிச்சல், வடித்த தண்ணீரில் கரைந்திருப்பது எவ்வளவு என்று காட்ட ஃபில்டரில் பூட்டியிருக்கும் டி.டி.எஸ். மீட்டர்தான். டி.ஐ. ரெசின் தேயத் தேய முதலில் நழுவுவது சிலிக்கேட். அது மின்னைக் கடத்துவது மிகக் குறைவு. மின்கடத்தலை வைத்துக் கணக்குப் போடும் டி.டி.எஸ். மீட்டருக்கு அது தெரிவதேயில்லை. இங்கே மணல் மண்ணிறமாகிக்கொண்டிருக்கும், அது பூச்சியம் காட்டிப் பல்லிளிக்கும். அதைக் கழற்றி வாழைக்கே உரமாய்ப் போடலாம் என்று பல தடவை தோன்றியிருக்கிறது.

ரெசினும் சும்மா தீர்வதில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு மெம்பிரேனைத் தாண்டி வந்து அதைத் தின்கிறது. அதனால் மெம்பிரேன் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து, இரவு முழுக்கக் காற்றுக்கல்லால் குமிழி விட்டு அந்த வாயுவை வெளியேற்றி, அப்புறம்தான் ரெசினுக்குள் விடுகிறேன். இரட்டை வேலை, ஆனால் ரெசின் கூடக் காலம் நிற்கிறது.

இவ்வளவு புகழ்ந்தும் அவனுக்கு வாங்காதே என்றுதான் சொன்னேன். ஆள் சோம்பேறி. ஆர்.ஓ. தண்ணீரைக் கலனில் வாங்கி, தனி டி.ஐ. குழாய் ஒன்றில் விடட்டும். மிச்சக் காசில் சிலிக்கேட் டெஸ்ட் கிட்டும், டயட்டத்தை மேயக் கொஞ்ச நத்தையும் வாங்கட்டும். மருந்து மட்டும் ஊற்ற வேண்டாம்.