நுரையீரல் புற்றுநோய் எந்த மருந்துக்குக் கேட்கும்? ரத்தப் பரிசோதனைகள் ஓர் ஒப்பீடு

நுரையீரல் புற்றுநோய் நான்காம் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, இது எந்த மருந்துக்குக் கேட்கும் என்பதுதான். மாத்திரையா, கீமோவா, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபியா? பொருந்தாத மருந்தில் இரண்டு மாதம் போய்விட்டால் அந்த இரண்டு மாதமும் திரும்பி வராது. அதனால்தான் கையில் ஒரு ஊசி குத்தி எடுக்கும் ரத்தத்திலேயே விடை கிடைத்துவிடாதா என்று எல்லோருக்கும் ஆசை. அந்த விடையைத் தருவதாகச் சொல்லும் பரிசோதனைகளும் பல இருக்கின்றன. ஆனால் அவை எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை.

இவற்றை ஒப்பிட நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே ஒன்று: ரிப்போர்ட் வேறு மாதிரி வந்திருந்தால் மருந்து மாறியிருக்குமா? நோயாளி எவ்வளவு காலம் இருப்பார் என்று கணிப்பது ஒரு வேலை. இந்த மருந்தைவிட அந்த மருந்து இவருக்கு நல்லது என்று சொல்வது வேறு வேலை. முதல் வேலையைச் செய்யும் பரிசோதனையை இரண்டாவது வேலைக்குப் பயன்படுத்தினால், கிடைக்க வேண்டிய சிகிச்சை ஒருவருக்குக் கிடைக்காமலே போகலாம்.

இரண்டாவது வேலைக்கு நல்ல உதாரணம், கிழக்கு ஆசியாவில் நடந்து 2009இல் வெளியான ஐபாஸ் ஆய்வு. ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் மாற்றம் இருந்தவர்களில் 71.2 சதவீதம் பேருக்கு, அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் ஜெஃபிடினிப் மாத்திரையில் கட்டி சுருங்கியது. மாற்றம் இல்லாதவர்களில் அது வெறும் 1.1 சதவீதம், அதே ஆட்களுக்குக் கீமோவில் 23.5 சதவீதம். அதாவது ஒரே மாத்திரை ஒருவருக்கு வரம், இன்னொருவருக்கு வீண். அங்கே பார்த்தது கட்டியின் திசுவை, ரத்தத்தை அல்ல. ரத்தத்தில் எடுக்கும் எந்தக் குறியீடும் இந்த அளவுக்குப் பிரித்துக் காட்டுகிறதா என்பதுதான் கேள்வி.

அதற்கு மிக அருகில் வருவது லிக்விட் பயாப்ஸி. புற்றுநோய்ச் செல்கள் சாகும்போது அவற்றின் டிஎன்ஏ துணுக்குகள் ரத்தத்தில் கலக்கின்றன. அவற்றைப் பிடித்து, திசுவில் தேடும் அதே மரபணு மாற்றத்தைத் தேடுகிறார்கள். இது ஊகம் அல்ல, கட்டியின் சரக்கையே நேரில் பார்ப்பது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016 ஜூனில் கோபாஸ் ஈஜிஎஃப்ஆர் ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி தந்தது. 2020 ஆகஸ்டில், பல மரபணுக்களை ஒரே நேரத்தில் பார்க்கும் கார்டன்ட்360, ஃபவுண்டேஷன்ஒன் லிக்விட் இரண்டுக்கும் அனுமதி கிடைத்தது. 2019இல் வெளியான நைல் ஆய்வில் 282 பேருக்குத் திசு, ரத்தம் இரண்டையும் சோதித்தார்கள். சிகிச்சையை முடிவு செய்ய உதவும் மாற்றம் வழக்கமான திசுப் பரிசோதனையில் 60 பேருக்கும், ரத்தத்தில் 77 பேருக்கும் கிடைத்தது. ரிப்போர்ட் வரத் திசுவுக்கு 15 நாள், ரத்தத்துக்கு 9 நாள். மூச்சு வாங்கும் நோயாளிக்கு அந்த ஆறு நாள் பெரிய விஷயம்.

ஆனால் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பாசிட்டிவ் என்று வந்தால் பெரும்பாலும் நம்பலாம். நெகட்டிவ் என்று வந்தால் ‘இல்லை’ என்று பொருள் இல்லை, ‘தெரியவில்லை’ என்றுதான் பொருள். ஜெஃபிடினிப் போன்ற பழைய மாத்திரைகள் வேலை செய்வதை நிறுத்தியபின் வரும் டி790எம் என்ற மாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், அது ரத்தத்தில் தெரிந்தவர்களில் 63 சதவீதம் பேருக்கும், திசுவில் தெரிந்தவர்களில் 62 சதவீதம் பேருக்கும் ஒசிமெர்டினிப் என்ற புதிய மாத்திரை பலன் தந்தது. ஏறக்குறைய சமம். ஆனால் ரத்தத்தில் இல்லை என்று வந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது. ரத்தத்தை மட்டும் நம்பி மாத்திரையை மறுத்திருந்தால் இவர்கள் இழந்திருப்பார்கள். நோய் நெஞ்சுக்குள் மட்டும் இருந்தாலோ மூளையில் மட்டும் பரவியிருந்தாலோ ரத்தத்துக்கு வரும் டிஎன்ஏ மிகக் குறைவு. அப்புறம், மாத்திரை எடுத்து வரும்போது கட்டி ஸ்மால் செல் என்ற வேறொரு வகைப் புற்றுநோயாக உருமாறுவதும் உண்டு. நுண்ணோக்கியில் செல்லின் வடிவத்தைப் பார்த்துத்தான் அதை உறுதி செய்ய முடியும், அதற்குத் திசு வேண்டும். வயதானவர்களின் ரத்த அணுக்களில் தானாகவே சேரும் மரபணு மாற்றங்கள், கட்டியிலிருந்து வந்தவை போல ரிப்போர்ட்டில் தெரிவதும் உண்டு.

லிக்விட் பயாப்ஸிக்கு நேர் எதிர் முனையில் இருப்பது ரத்த அணுக்களை எண்ணும் சாதாரண சிபிசி. பல மரபணுக்களைப் பார்க்கும் பரிசோதனைக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். சிபிசிக்கும், செல்கள் சிதையும்போது ரத்தத்தில் உயரும் நொதியான எல்டிஹெச்சை அளப்பதற்கும் சில நூறு ரூபாய் போதும், எந்த ஊர் லேபிலும் எடுக்கலாம். இந்த இரண்டையும் வைத்து, பாரிஸ் அருகே உள்ள குஸ்தாவ் ரூஸி புற்றுநோய் மையத்தின் ஆய்வாளர்கள் 2018இல் லிபி என்ற குறியீட்டை வெளியிட்டார்கள். கணக்கு எளிது. மொத்த வெள்ளையணுக்களிலிருந்து, அவற்றில் ஒரு வகையான நியூட்ரோஃபிலைக் கழித்து, மிஞ்சுவதால் நியூட்ரோஃபிலை வகுக்க வேண்டும். வெள்ளையணு 12,000, நியூட்ரோஃபில் 9,600 என்றால் மிச்சம் 2,400, விடை 4. மூன்றுக்கு மேல் போனால் ஒரு கெட்ட புள்ளி. எல்டிஹெச் லேபின் இயல்பு அளவைத் தாண்டினால் இன்னொரு கெட்ட புள்ளி. இரண்டு புள்ளியும் இருந்தவர்கள் இம்யூனோதெரபியில் மிக மோசமாக இருந்தார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்த கீமோ குழுவில் இந்த வேறுபாடு தெரியவில்லை. ஆகவே இம்யூனோதெரபி யாருக்குக் கேட்கும் என்பதை இது சொல்லிவிடும் என்று நம்பிக்கை பிறந்தது.

அடுத்த வருடமே எஃப்.டி.ஏ. ஆய்வாளர்கள் பல மருத்துவ ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். லிபி மோசமாக இருந்தவர்களுக்குக் கீமோவிலும் ஆயுள் குறைவு, மாத்திரையிலும் குறைவு, இம்யூனோதெரபியிலும் குறைவு. அது மருந்தைப் பற்றிப் பேசவில்லை, நோயின் வேகத்தையும் உடம்பின் நிலையையும் பற்றிப் பேசியது. எனக்கு இது மிக முக்கியமான பாடம். “உங்கள் எண்ணிக்கை சரியில்லை, இம்யூனோதெரபி வேண்டாம்” என்று இந்தக் கணக்கை மட்டும் வைத்து யாராவது சொன்னால், அதை ஏற்க வேண்டாம்; காரணம் கேளுங்கள். அந்த எண் எதனாலும் மாறும். மூளை வீக்கத்துக்கோ மூச்சுத் திணறலுக்கோ டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தால் நியூட்ரோஃபில் ஏறும், இன்னொரு வகை வெள்ளையணுவான லிம்ஃபோசைட் இறங்கும். நெஞ்சில் சளித்தொற்று இருந்தாலும் அப்படியே. குழாயில் ரத்தம் சிதைந்துபோனால் எல்டிஹெச் பொய்யாக உயரும்.

சிஇஏ, சைஃப்ரா போன்ற புரதக் குறியீடுகளைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் உயர்ந்திருந்தால், சிகிச்சையின்போது அது இறங்குகிறதா என்று ஸ்கேனோடு சேர்த்துப் பார்க்கலாம். மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவாது. புகை பிடிப்பவர்களுக்குச் சிஇஏ சும்மாவே கொஞ்சம் உயரும்.

ஆனால் புரதங்களிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. வெரிஸ்ட்ராட் என்ற பரிசோதனை, ரத்தத்தில் எந்தப் புரதங்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதைப் பார்த்து ‘நல்லது’, ‘மோசம்’ என்று பிரிக்கும். இத்தாலியில் நடந்து 2014இல் வெளியான புரோஸ் ஆய்வு, ஒரு குறியீட்டை எப்படிச் சோதிக்க வேண்டுமோ அப்படியே சோதித்தது: முதலில் ரத்தத்தைப் பார்த்துப் பிரித்து, பிறகு சீட்டுக் குலுக்கல் முறையில் எர்லோட்டினிப் (ஜெஃபிடினிப் போன்ற மாத்திரை) அல்லது கீமோ கொடுத்தார்கள். ‘நல்லது’ குழுவில் இரண்டு சிகிச்சைக்கும் வித்தியாசம் இல்லை. ‘மோசம்’ குழுவில் மாத்திரை எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 3 மாதம், கீமோ எடுத்தவர்களுக்கு 6.4 மாதம். என் அளவுகோலில் இது தேறுகிறது. ஆனால் காலம் அதைக் கடந்துவிட்டது. ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இல்லாதவருக்கு எர்லோட்டினிப் தருவதா என்பதே இன்று கேள்வியாக இல்லை.

இம்யூனோதெரபிக்கென்று ரத்தத்தில் தேடிய இன்னொரு குறியீடு, டிஎன்ஏவில் மொத்தம் எத்தனை மாற்றங்கள் குவிந்திருக்கின்றன என்ற எண்ணிக்கை. மாற்றங்கள் அதிகமானால் எதிர்ப்புச் செல்கள் கட்டியை எளிதில் அடையாளம் காணும் என்பது கருத்து. பழைய ஆய்வுகளின் ரத்த மாதிரிகளைத் திரும்பிப் பார்த்தபோது நன்றாகவே தெரிந்தது. 2022இல் வெளியான பிஃபாஸ்ட் ஆய்வில், அந்த எண்ணிக்கை அதிகமாக இருந்தவர்களை மட்டும் எடுத்து, அட்டிசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தையும் கீமோவையும் மோதவிட்டார்கள். நோய் முற்றாமல் இருக்கும் காலம் அதிகமாகும் என்ற முதன்மை இலக்கை அது எட்டவில்லை. ஆக, இம்யூனோதெரபியைத் தனியாகத் தருவதா, கீமோவோடு சேர்த்துத் தருவதா என்று முடிவெடுக்க, இன்றைக்கும் திசுவில் பார்க்கும் பிடி-எல்1 என்ற புரதத்தின் அளவுதான் கைகொடுக்கிறது. இந்த இடத்தில் ரத்தம் திசுவுக்கு மாற்று இல்லை.

சிகிச்சை தொடங்கியபின் ரத்தத்தைப் பார்ப்பது தனிக் கதை, இதில்தான் எனக்கு அதிக நம்பிக்கை. கட்டியின் டிஎன்ஏ ரத்தத்தில் அதிக நேரம் தங்குவதில்லை. அதனால் மருந்து வேலை செய்தால் அந்த அளவு சீக்கிரமே விழுந்துவிடும். ஒசிமெர்டினிப் எடுத்தவர்களில், மூன்றாவது அல்லது ஆறாவது வாரத்துக்குள் ரத்தத்திலிருந்து ஈஜிஎஃப்ஆர் மாற்றம் மறைந்தவர்களுக்கு நோய் அதிக காலம் அடங்கியிருந்தது. ஆனாலும் ஸ்கேனில் நோய் வளராதபோது, ரத்த அளவை மட்டும் வைத்து மருந்தை மாற்றினால் ஆயுள் கூடும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை.

எனவே பணம் குறைவாக இருக்கும் குடும்பம் என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன்: அடினோகார்சினோமா (நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகை) என்று வந்துவிட்டது, திசு போதவில்லை அல்லது இன்னொரு பயாப்ஸி தாங்க முடியாது என்றால், செலவை லிக்விட் பயாப்ஸியில் போடுங்கள். ரத்தத்தை முதல் டோஸுக்கு முன்பே எடுக்கச் சொல்லுங்கள். டிஎன்ஏவைக் காக்கும் தனிக் குழாயில் எடுக்கிறார்களா என்று கேளுங்கள், சாதாரணக் குழாயில் சில மணி நேரத்திலேயே மாதிரி கெடத் தொடங்கிவிடும். நெகட்டிவ் வந்தால், திசு கிடைக்க வழி உண்டா என்று மருத்துவரிடம் மறுபடி பேசுங்கள். சிபிசி, எல்டிஹெச் எப்படியும் எடுப்பார்கள். ஸ்டீராய்டு தொடங்கும் முன் எடுத்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் இல்லாத இடத்தில், மரபணு ரிப்போர்ட் வரும்வரை இம்யூனோதெரபியைத் தள்ளிப்போடலாமா என்றும் கேளுங்கள். அதை முதலில் கொடுத்துவிட்டு உடனே ஒசிமெர்டினிப்புக்கு மாறினால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து கூடுகிறது.