ஸ்போர்ட்ஸ் காரைத் தாழ்த்த: ஸ்பிரிங் போதுமா, காயில்ஓவர் வேண்டுமா?

என் டொயோட்டா 86 இப்போது கம்பெனி உயரத்தைவிட 25 மில்லிமீட்டர் தாழ்வாக நிற்கிறது. லோயரிங் ஸ்பிரிங், அதற்கென்றே நீளம் குறைத்துச் செய்த ஷாக் அப்சார்பர், இரண்டும் சேர்ந்த ஜோடி. காயில்ஓவரும், அதாவது உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுப்பும், என் பட்ஜெட்டுக்குள் இருந்தது. யோசித்துத்தான் அதை விட்டேன்.

தோற்றத்தில் பெரிய போட்டி இல்லை. டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இடைவெளி குறைந்தால் கார் அழகாகத்தான் இருக்கும், எந்த வழியில் இறக்கினாலும் சரி. முன் பம்பர் வேகத்தடையில் உரசுவதும், ஹெட்லைட்டைத் திரும்பச் சரிபார்க்க வேண்டியதும் எல்லா வழிக்கும் பொது. ஈர்ப்பு மையம் இறங்குவதை எல்லோரும் முதலில் சொல்வார்கள். 86-க்கு அந்த உயரம் 460 மி.மீ. 25 மி.மீ. இறக்கினால் வளைவில் வெளிப்பக்க டயர்களுக்குத் தாவும் எடை சுமார் 5 சதவீதம் குறையும். நல்லதுதான். ஆனால் ‘காரே வேற மாதிரி ஆயிடுச்சு’ என்று நாம் உணர்வதில் பெரும்பங்கு ஸ்பிரிங் கெட்டியானதற்கும் ஷாக் மாறியதற்கும் சேரும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று: இறக்கிய பிறகு சஸ்பென்ஷன் அமுங்க எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பது.

ஒரு கணக்கு. பம்ப் ஸ்டாப்பை (ஓட்டத்தின் முடிவில் ஷாக்கைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் கட்டை) தொடும் வரை ஷாக் 60 மி.மீ. அமுங்கும் என்று வைத்துக்கொள்வோம். 30 மி.மீ. இறக்கினால் மிச்சம் பாதி. அதே பள்ளத்தின் அதே அடியை அந்தப் பாதித் தூரத்தில் ஸ்பிரிங் மட்டுமே தாங்க வேண்டுமென்றால், அது இரண்டு மடங்கு கெட்டியாக இருந்தால் போதாது. நான்கு மடங்கு வேண்டும். ஸ்பிரிங் வாங்கும் ஆற்றல் அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சாலையில் ஓடும் காருக்கு அவ்வளவு கெட்டியான ஸ்பிரிங்கை யாரும் போடுவதில்லை. ஆகவே மிச்ச அடி பம்ப் ஸ்டாப்பின் தலையில் விழுகிறது. நேர்ச்சாலையில் இது ‘டொம்’ என்று ஒரு சத்தம், முதுகில் ஒரு குத்து, அவ்வளவுதான். வளைவின் நடுவே ஒரு மேடு வந்து வெளிச் சக்கரம் பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டினால் கதை வேறு. அந்த டயர் மேல் சுமை சட்டென ஏறும், பிடி போகும், முன்பக்கமோ பின்பக்கமோ வெளியே தள்ளும். தாழ்த்திய கார் தாழ்த்தாத காரைவிட மோசமாக ஓடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

இதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஷாக்கின் ரப்பர் உறையைத் தூக்கி, தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கிக் கட்டி ஷாக் உடலை ஒட்டி இறக்கிவிடுங்கள். வழக்கமாகப் போகும் சாலையில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். டை எதுவரை தள்ளப்பட்டிருக்கிறதோ அதுவரை சக்கரம் ஏறியிருக்கிறது. பம்ப் ஸ்டாப்பின் அடிவரை போய் ஒட்டியிருந்தால், இதற்கு மேல் இறக்கும் பேச்சே வேண்டாம்.

இந்தக் கண்ணோட்டத்தில், ஒரிஜினல் ஷாக்கை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது எனக்குப் பிடிக்காத வழி. செலவு குறைவு, உண்மை. ஆனால் கம்பெனி ஷாக் அந்தக் கெட்டி ஸ்பிரிங்கை அடக்கச் செய்யப்பட்டதல்ல. ஒரு மேட்டைத் தாண்டியதும் கார் இன்னொரு முறை எழும்பி இறங்கும். ஷாக்கும் சீக்கிரம் தேயும். பில்ஸ்டைன் பி8 போன்ற குட்டை ஷாக்குகள் இதற்கென்றே இருக்கின்றன. 20 முதல் 25 மி.மீ. இறக்கத்தில் அந்த ஜோடி பம்ப் ஸ்டாப் தொல்லை இல்லாமல் ஓடுகிறது. அதன்பின் மறந்துவிடலாம். எனக்கு வேண்டியதும் அந்த மறதிதான்.

காயில்ஓவரில் இரண்டு வகை. ஸ்பிரிங் உட்காரும் தட்டை மட்டும் திருகி இறக்குவது, அமுங்கும் இடத்தைத்தான் தின்கிறது. ஷாக்கின் உடலையே கீழ் பிராக்கெட்டுக்குள் திருகி இறக்கும் வகையில் ஷாக் அமுங்கும் தூரம் அப்படியே இருக்கும். அதில் டயர் போய் வீல் ஆர்ச்சில் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டிராக்கில் ஓட்டுபவர், நான்கு சக்கரத்தின் எடையையும் தனித்தனியாகச் சமன்செய்ய விரும்புபவர், இந்த இரண்டாம் வகையைத்தான் வாங்க வேண்டும். அவர்களுக்கு ஸ்பிரிங் ஜோடி போதாது. ஆனால் பராமரிப்பு கேட்கும். திருகு மறைகளில் மண்ணும் உப்பும் ஏறினால் உயரத்தை மாற்றும் வளையம் இறுகிப்போகும், பிறகு ஸ்பேனருக்கும் அசையாது. மேல் மவுண்டில் ரப்பருக்குப் பதில் உலோக பேரிங் இருந்தால் தேய்ந்ததும் கடகடக்கும். நண்பர்களின் காயில்ஓவர் கார்களை ஓட்டியிருக்கிறேன், சொந்தமாக வைத்து வருடக்கணக்கில் பார்த்ததில்லை. நீண்ட ஆயுள் பற்றி அவர்கள் சொன்னதைத்தான் என்னால் சொல்ல முடியும். ஏர் சஸ்பென்ஷனில் எனக்கு அனுபவம் இன்னும் குறைவு, அதை இங்கே இழுக்கவில்லை.

எதைப் போட்டாலும் இரண்டு விஷயத்தை மெக்கானிக்கிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். முதலாவது, கண்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைக் கார் உடலோடு இணைக்கும் கை) போல்ட்டுகளைக் கார் தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே முறுக்கினால் அதன் மூட்டில் இருக்கும் புஷ் ரப்பர் எப்போதும் முறுகியபடி நின்று கிழியும். இரண்டாவது, ஸ்பிரிங் படிந்த பிறகு இன்னொரு முறை அலைன்மென்ட். இறக்கியதால் 86-இன் முன்பக்கம் கூடும் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்வது) வளைவில் உதவும். பின்பக்கம் கம்பெனி அமைப்பில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) மட்டும்தான் சரிசெய்ய முடியும். கேம்பரும் வேண்டுமென்றால் அட்ஜஸ்டபிள் லோயர் ஆர்ம் வாங்க வேண்டும். டோவைச் சரியாக வைத்துவிட்டால், 25 மி.மீ. வரை அந்தச் செலவைத் தள்ளிப்போடலாம்.