ஆர்சிசிபி அடிக்கடி ட்ரிப் ஆனால்: குறையைக் கண்டுபிடிக்க ஆகும் செலவு, நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

வீட்டு டிபி பாக்ஸில் (மின்சாரத்தை அறைகளுக்குப் பிரித்துவிடும் பெட்டி) 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டு நான்கைந்து மழைக்காலம் கடந்ததும் பல வீடுகளில் ஒரே புகார் எழுகிறது: "காரணமே இல்லாம விழுந்துடுது" (அதாவது ட்ரிப் ஆகி சப்ளை நின்றுவிடுகிறது). அப்போது பெரும்பாலும் நடப்பது, ஆர்சிசிபியையே மாற்றிவிடுவது. இரண்டு போல் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும்) 40 ஆம்பியர் ஆர்சிசிபி சுமார் 1,500 முதல் 2,500 ரூபாய். மூன்று ஃபேஸ் வீட்டுக்கான நான்கு போல் ஏறத்தாழ அதைப்போல் இரண்டு மடங்கு. புதிதும் அதே மாதிரி விழும். ஏனென்றால் கெட்டுப்போனது அது அல்ல, கசிவு வேறெங்கோ இருக்கிறது.

ஆர்சிசிபி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். மெயினை அணைத்து, அதிலிருந்து வீட்டுக்குள் போகும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டு மெயினைப் போட வேண்டும். அந்த வயர்கள் இல்லாமல் ஆர்சிசிபி விழாமல் இருந்து, டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுந்தால், அதை மாற்றத் தேவையில்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் புதிது வாங்கச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். டிபியின் மூடியைக் கழற்றும் வேலை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுடையது. ஆர்சிசிபியை அணைத்தாலும் அதன் உள்வரும் முனையில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும்.

செலவின் பெரும்பகுதி நேரத்துக்குத்தான் போகிறது. வந்து பார்க்க ஊரைப் பொறுத்து 200 முதல் 500 ரூபாய் கேட்பார்கள். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை முழு நாளாக நீண்டால் நாள் கூலி ஆயிரத்தைத் தொடும். நீள்வதற்கு முக்கியக் காரணம் நியூட்ரல்.

எல்லா எம்சிபியையும் (ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் உள்ள தனி பிரேக்கர்) அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது வழக்கமான முறை. ஃபேஸ் எர்த்தில் கசிந்தால் இது உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் சிங்கிள் போல் எம்சிபி. அவை ஃபேஸை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரல் லிங்கிலேயே (எல்லா நியூட்ரல் வயர்களும் சேரும் பட்டை) இருக்கும். குளியலறை கீசரின் நியூட்ரல் வயர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், கீசரின் எம்சிபி அணைந்திருந்தாலும் ஹாலில் அயர்ன் பாக்ஸ் போட்டதும் ஆர்சிசிபி விழும். திரும்பிவரும் கரண்டில் ஒரு பங்கு கீசர் வழியாக எர்த்துக்குப் போய்விடுவதே காரணம். பழி அயர்ன் பாக்ஸ் மேல் விழும், அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதும் வாங்குவார்கள். இதைக் கண்டுபிடிக்க உறுதியான வழி, மெயினை அணைத்து நியூட்ரல் லிங்கிலிருந்து வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, 500 வோல்ட் மெக்கரால் (வயரின் இன்சுலேஷனை அளக்கும் கருவி) எர்த்துக்கு எதிராக அளப்பது. ஒரு மெகாஓமுக்குக் குறைந்த சர்க்யூட்தான் குற்றவாளி. அளக்கும் முன் அந்த சர்க்யூட்டில் செருகியிருக்கும் டிவி, கம்ப்யூட்டர், எல்இடி விளக்குகளைப் பிரித்துவிட வேண்டும், 500 வோல்ட் அவற்றைக் கெடுத்துவிடும்.

ஒவ்வொரு நியூட்ரலிலும் அதன் எம்சிபி எண் எழுதிய ஃபெருல் (வயர் முனையில் மாட்டும் சிறு வளையம்) மாட்டியிருந்தால் இந்தத் தேடல் அரை மணியில் முடியும். எண் இல்லாமல் பன்னிரண்டு கறுப்பு வயர்கள் ஒரே கொத்தாக இருந்தால் அரை நாள் போய்விடும். வயரிங் நடக்கும்போது ஃபெருலுக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாயைத் தாண்டாது. புது வீடு கட்டுபவர்கள் மார்பிளுக்குக் காட்டும் அக்கறையில் கொஞ்சத்தை இங்கே காட்டலாம்.

மழை பெய்தால் மட்டும் விழுகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியவை கேட் விளக்கு, மொட்டைமாடி பாயிண்ட், போர்வெல் மோட்டார். இரவிலோ விடியற்காலையிலோ மட்டும் விழுந்தால் ஃப்ரிட்ஜின் டிஃப்ராஸ்ட் ஹீட்டரைச் சந்தேகிக்கலாம். எந்த நாள், எந்த நேரம், அப்போது எது ஓடியது என்று டிபி கதவில் ஒரு தாளில் குறித்து வைத்தால் கூலியில் பாதி மிச்சமாகும். விட்டுவிட்டு வரும் குறையைத் தேடுவதுதான் மிகவும் செலவு வைக்கும், எலக்ட்ரீஷியன் வந்து நிற்கும்போது எல்லாம் சரியாக ஓடும்.

எந்தக் குறையுமே இல்லாமல் விழுவதும் உண்டு. இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் ஒவ்வொன்றின் உள்ளே மின் இரைச்சலைக் குறைக்க இருக்கும் ஃபில்டரும் இயல்பாகவே ஓரிரு மில்லிஆம்பியரை எர்த்துக்கு விடும். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி 15-க்கு மேல் எங்கு வேண்டுமானாலும் விழலாம். வீடு முழுவதற்கும் ஒன்றே இருந்தால் எல்லாம் சேர்ந்து அந்த எல்லையை எட்டிவிடும். லீக்கேஜ் கிளாம்ப் மீட்டரை ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துச் சுற்றி மாட்டினால் இது தெரியும். சாதாரண கிளாம்ப் மீட்டர் இவ்வளவு சிறிய கரண்டைக் காட்டாது, எனவே அழைக்கும்போதே எந்த மீட்டர் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று ஃபேஸ் வீடுகளில் இன்னொன்று: இன்வெர்ட்டரின் ஃபேஸ் ஒரு ஆர்சிசிபி வழியாக வந்து, விளக்குகளின் நியூட்ரல் வேறொரு ஆர்சிசிபியின் லிங்குக்குத் திரும்பினால் அதுவும் விழும். நியூட்ரலை இடம் மாற்றினால் போதும், பொருள் எதுவும் வாங்க வேண்டாம்.

மூன்று ஃபேஸ் வீட்டில் ஒரு அறையில் விளக்கு கண்ணைப் பறித்து, அடுத்த அறையில் மங்கினால் உடனே மெயினை அணைத்துவிடுங்கள். அது நியூட்ரல் விட்டுப்போன அறிகுறி, 230 வர வேண்டிய இடத்தில் 300 வோல்ட்டுக்கு மேல்கூட வரலாம். தமிழ்நாட்டில் மீட்டர் வரையிலான குறைக்கு மின்வாரியம்தான் பொறுப்பு. அதன் புகார் மையமான மின்னகம் 94987 94987-இல் புகார் பதியலாம். தனியாருக்குப் பணம் கொடுக்கும் முன் அந்தப் பக்கம் சரியா என்று பாருங்கள்.

ஆர்சிசிபியை எடுத்துவிட்டு நேரடியாக இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அந்தக் கசிவு அப்படியே இருக்கும், அடுத்து அதைத் தொடப்போவது ஈரக்கையோடு நிற்கும் வீட்டு ஆள்தான். தேடி முடிக்கும்வரை தற்காலிக வழி வேண்டுமென்றால், சந்தேகப்படும் சர்க்யூட்டின் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கழற்றி இன்சுலேட் செய்து வைத்துவிட்டு மற்ற அறைகளை ஓட்டலாம். நிரந்தரமாக என்றால் கீசர், மோட்டார், வெளி விளக்குகளுக்குத் தனித்தனி ஆர்சிபிஓ (ஆர்சிசிபியும் எம்சிபியும் ஒன்றாகச் சேர்ந்தது). அடுத்த முறை கோளாறு வந்தால் அந்த ஒன்று மட்டுமே விழும்.