பிரேக்கைப் பார்த்து வாங்கிய செயின் சா

ஏற்காட்டில், நாகலூர் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் காப்பி. நிழலுக்குச் சில்வர் ஓக், அதன் மேல் மிளகுக் கொடி. கிளை கழிக்க ஆள் அரிவாளோடு மரமேறிவிடுவார். காய்ந்த மரத்தையும் காற்றில் சாய்ந்ததையும் துண்டு போடத்தான் செயின் சா மிஷின். இரண்டு வருஷமாக அந்த வேலைக்கு ஸ்டீல் எம்எஸ் 250 வைத்திருக்கிறேன். (இரும்பு ஸ்டீல் இல்லை, ஜெர்மன் கம்பெனியின் பெயர்.) 45 சிசி, பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) செயினும் சேர்க்காமல் 4.6 கிலோ.

அறுக்கும் வேகத்தையும் பெட்ரோல் செலவையும் கடைக்காரரே சொல்லிவிடுவார். நான் பிரேக்கைப் பற்றிச் சொல்கிறேன்.

இதற்கு முன் இருந்தது சேலத்தில் மலிவாகக் கிடைத்த, பெயர் வாயில் நுழையாத ஒன்று. சிசி அதிகம் என்று சொல்லியே தலையில் கட்டினார்கள். முன்பிடிக்கு எதிரே இருக்கும் கறுப்புத் தகட்டைத் தள்ளினால் 'டக்' என்று சத்தம் வரும், செயின் தன் பாட்டுக்கு ஓடும். கொண்டுபோய்க் காட்டினேன். "அதெல்லாம் யாருங்கண்ணா யூஸ் பண்றாங்க" என்றார் கடைக்காரர்.

அந்தத் தகடு கைக்கு மறைப்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதுதான் பிரேக். முன்னால் சாய்ந்தால் உள்ளே ஒரு இரும்புப் பட்டை, செயினைச் சுழற்றும் கிளட்ச் டிரம்மை இறுக்கிப் பிடிக்கும், செயின் நிற்கும். பாரின் மூக்கில் மேல்பாதி எதிலாவது பட்டால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். அப்போது தகட்டைத் தள்ள நமக்கு நேரம் ஏது? இடது மணிக்கட்டு தானாகப் போய் அதில் மோத வேண்டும். மோதாவிட்டாலும், எகிறும் வேகத்தில் தகடு தன் எடையாலேயே முன்னால் சாய்ந்துவிடும்.

போன மாசியில் அதைப் பார்த்தேன். சாய்ந்து கிடந்த மரத்தை அறுத்துக்கொண்டிருந்தபோது, காப்பிச் செடிக்குள் மறைந்திருந்த ஒரு முட்டுக்கட்டையில் மூக்கு பட்டது. அடுத்து நான் பார்த்தது கண்ணுக்கு எதிரே பார், அதன் நுனியில் ஒட்டிய ஒரு பட்டை நார். நார் அசையவில்லை. இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. 'டக்' சத்தம் அதற்கப்புறம்தான் மண்டையில் ஏறியது. அன்றைக்கு மேற்கொண்டு வேலை ஓடவில்லை.

ஒன்று, பிரேக் செயினைத்தான் நிறுத்தும், எகிறுவதை நிறுத்தாது. பாருக்கு நேராகத் தலையை வைக்கக் கூடாது. இடது கட்டைவிரல் பிடியைச் சுற்றியே இருக்க வேண்டும்.

தினமும் காலையில் மிஷினைத் தரையில் அழுத்திப் பிடித்து, பிரேக் போட்டபடியே மூன்று வினாடிக்கு மேல் போகாமல் முழு த்ராட்டில் (ஆக்சிலரேட்டர்) கொடுத்துப் பார்க்கிறேன். செயின் அசையக் கூடாது. ஒருநாள் லேசாக நகர்ந்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து எள்ளுப் புண்ணாக்கு மாதிரி அப்பிக் கிடந்தது. மாதக்கணக்கில் திறக்காதது என் சோம்பேறித்தனம். பழைய பல் பிரஷ்ஷால் சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது.

மற்றதெல்லாம் சுருக்கமாக. பின்பிடியில் மேலே இருக்கும் லாக்கை உள்ளங்கை அழுத்தினால்தான் த்ராட்டில் நகரும். செயின் அறுந்தால் பிடித்துக்கொள்ள அடியில் ஒரு சின்னக் கொக்கி இருக்கிறது.

காலுக்குப் போடும் காப்பு உடையைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். உள்ளே நீள நீளமான நார். செயின் பட்டால் நார் உருவிக்கொண்டு வந்து பல்சக்கரத்தில் சுற்றி ஓட்டத்தை நிறுத்திவிடும். எங்களிடம் அறுக்கும் பெரியவர், "இதப் போட்டா நடக்கவே முடியலைங்க" என்று முனகினார். மார்கழியில் குளிருக்கு இதமாக இருந்ததால் முனகாமல் போட்டார். பங்குனி வந்ததும் மடித்து வைத்து, அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். போடாத நாளில் மிஷின் என் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கும், அவர் கைக்கு ரம்பம்தான்.